தோல் நிறம்

அறுபது பேஸ்டல் கட்டிகள் உள்ள பெட்டியில்
ஒன்றின் பெயர் தோல் நிறம்.
நான்கு வருடமாக அது குறையவே இல்லை.
வாங்கிய நாளின் விளிம்போடு
பஞ்சுக்குள் படுத்திருக்கிறது.
புளியரையில் யார் தோலும் அந்த நிறமில்லை.
செங்கல், காப்பிக்கொட்டை, நாவற்பழ ஊதா,
கன்னத்து நிழலுக்குப் பாசிப்பச்சை,
இவையெல்லாம் நகத்துண்டாய்த் தேய்ந்துவிட்டன.
பிடிக்க முடியாமல்
விரல் நுனியில் ஒட்டவைத்து வரைகிறேன்.

பறவைக் காய்ச்சல் மாதம்.
சோதனைச் சாவடியில் இரவுப் பணி எனக்கு.
மலையிறங்கும் ஒவ்வொரு சக்கரத்துக்கும்
மருந்து அடிக்க வேண்டும்.
மாலை போட்டவர்களின் வேன்கள்
சரணம் சொல்லிக்கொண்டே நனைந்து போகும்.
கோழி, வாத்து, முட்டை, எரு
எது வந்தாலும் வந்த வழியே.

சோமராஜன் ஆயிரத்து நானூறு வாத்துகளோடு வந்தான்.
மணி ஒன்றரை.
எஸ் வளைவில் பனி இறங்கிவிட்டது,
வெளுத்த பிறகு திரும்புகிறேன் என்றான்.
வலைக்குள் வாத்துகள்
யாரையோ குறை சொல்வதுபோல்
ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன.

கையுறை கழற்றி
இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவி
சாம்பல் நிறத் தாளை எடுத்தேன்.
கவிழ்த்த கூடையில் உட்கார்ந்தான்.
"அனங்காதெ இரிக்கணோ சாரே?"
மூச்சு விடலாம் என்றேன்.

முதலில் முகம் என்று ஒன்றும் கிடையாது.
கண்ணை இடுக்கினால்
இருட்டு இவ்வளவு, டியூப் லைட் இவ்வளவு.
மூக்கு கூட இல்லை,
இரண்டு நிழலுக்கு நடுவே ஒரு மேடு.
கண்ணின் வெள்ளை வெள்ளையே அல்ல,
ஈரச் சாம்பல்.
சுண்டுவிரலால் தேய்க்கத் தேய்க்க
தாடை மெல்ல என் பக்கம் திரும்பியது.

மாஸ்க்கை இறக்கச் சொன்னேன்.
யோசித்தான். பிறகு இறக்கினான்.
கீழுதட்டின் வலது ஓரம் தொடங்கி
தாடைக்குழி வரை
ஓரம் கிழிந்த இலைபோல் ஒரு வெண்திட்டு.
"அது வேண்டா.
கல்யாண ஆல்பத்திலயே ஸ்டுடியோக்காரன் எடுத்துட்டான்."
சரி என்று
காப்பிக்கொட்டையை அதன்மேலும் இழுத்துவிட்டேன்.

மூன்றரைக்குக் காட்டினேன்.
வெகுநேரம் பார்த்தான்.
"நல்லதா. இது என்டெ அனியன்."
தம்பி குவைத்தில் இருக்கிறானாம்.
பார்த்து ஆறு வருடமாம்.

கண்களின் இடைவெளி, நெற்றி உயரம், காதின் சாய்வு
எல்லாம் பென்சில் நீட்டி நான் அளந்தது.
ஓர் அளவும் தப்பவில்லை,
ஆள்தான் தப்பிவிட்டான்.

பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.
தேய்ந்ததையெல்லாம் தாண்டி
முழுசாய்க் கிடந்த ஒன்றை எடுத்தான்.
கேட்கவில்லை.
இடது கையால் தன் உதட்டோரத்தைத் தடவியபடி
வலது கையால் தாளில் வைத்தான்.
கண்ணாடி வேண்டியிருக்கவில்லை.
தினமும் சவரம் செய்கிற கைக்கு
அந்தக் கரையின் ஒவ்வொரு நெளிவும் தெரியும்.
அழுத்தம் கூடுதல். தூள் கொட்டியது.
நான் ஊதவில்லை.

நிறம் அப்படியே பொருந்தியது.
பெட்டி செய்தவனுக்குத் தெரிந்திருக்கிறது
ஒரு மனிதனின்
இரண்டு விரற்கடைத் தோல் மட்டும்.

ஆறு மணிக்குப் படிவத்தில் கையெழுத்து.
படத்தைக் கேட்டான், கொடுத்தேன்.
மேலே தெளிக்கும் திரவம் தீர்ந்திருந்தது.
இது காயாது, தொட்டால் வந்துவிடும்,
எதன்மேலும் சாய்த்து வைக்காதே என்றேன்.
தலையாட்டினான்.
பதின்மூன்று வளைவு, அதற்கப்புறம் ஆரியங்காவு, தென்மலை.
எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ.

திரும்பிப் போகிற வண்டிக்கு
மருந்து அடிக்க வேண்டியதில்லை.
அடித்தேன்.

தென்காசிக்கு அனுப்பும் நகலில்
வாகன எண், பறவைகள் ஆயிரத்து நானூறு, திருப்பி அனுப்பப்பட்டது.
பக்கத்தில்
அவன் கட்டைவிரல் பட்ட இடம், கொஞ்சம் தூளாக.
அலுவலகத்தில் யாராவது
அழுக்கென்று தட்டிவிடுவார்கள்.